தோன் செனோபியோவின் ஓட்டு

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால் பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், மெஸ்கால் மாண்புக் காப்புக் கழகத்தைத் தவிர. ஊர்ப் பெரியவர் தோன் செனோபியோ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மெஸ்கால் சாராயத்தைக் குடித்துப் பார்த்து ஓட்டுப் போடுகிற கழகத்தின் ஏழு பேர் சுவை மன்றத்தில் அவருடைய நாற்காலி அப்படியே கிடக்கிறது. மேசையில் அவருடைய பெயர்ப்பலகை நிற்கிறது. ஒவ்வொரு அமர்விலும் அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைக்கிறார்கள். உறுப்பினர் ராஜினாமா செய்தால் என்ன, கட்சி மாறினால் என்ன, மூக்கடைத்துக்கொண்டால் என்ன என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. செத்தால் என்ன செய்வதென்று மட்டும் விதி இல்லை.

"தொடர்ந்து வராதவங்கள நீக்கலாம்னு இருக்கே?" என்று நான் சேர்ந்த புதிதில் செயலாளர் கிரிசெல்தாவிடம் கேட்டேன்.

அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் சொன்னாள். "இருக்கு. ஆனா அவர் வரலன்னு யாரால அடிச்சுச் சொல்ல முடியும்?"

அது நியாயமான கேள்விதான். தோன் செனோபியோவுக்கு உயிரோடு இருந்தபோது ஒரு வறட்டு இருமல் உண்டு, இரண்டு முறை இருமி ஒரு முறை செருமுவார். அந்த நாற்காலியிலிருந்து அது இப்போதும் வருகிறது. தலைவர் அதைத் தண்ணீர்க் குழாய் என்பார். அமர்வு முடிந்து பார்த்தால் அவருடைய கோப்பையில் ஊற்றியது ஊற்றியபடியே இருக்கும். ஆனால் மணம் இருக்காது, நாக்கில் வைத்தால் சுவையும் இருக்காது. எங்களுக்கு இதில் அதிசயம் இல்லை. கல்லறைத் திருநாளில் வீட்டுக்கு வந்துபோகிற செத்தவர்கள் படையலில் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சக்கையை நமக்கு விட்டுவிடுவார்கள். மறுநாள் அந்த ரொட்டியைத் தின்றால் மரத்தூள் மாதிரி இருக்கும். கழகம் இதற்கு 'இயற்கைக் குறைவு' என்று பெயர் வைத்திருந்தது.

நான் சில்வேரியோ. பெட்ரோல் பங்குக்கு எதிரில் பஞ்சர் ஒட்டுகிறவன். கற்றாழைக் கிழங்கைக் குழியில் சுட்டு, நசுக்கி, புளிக்கவைத்து, வடித்துக் குடிப்பதை எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து செய்துவருகிறோம். அதற்கு மாண்பு இருக்கிறது என்று தலைநகரத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். பிடித்தது சனி. கழகத்தின் முத்திரை இல்லாததை மெஸ்கால் என்று சொல்லக்கூடாது, ஊற்றக்கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது என்றானது. சுவை மன்றத்தில் 'சாதாரணக் குடிகாரர்' ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் வந்தது. என் மனைவிக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் நாளே என் கையில் ரப்பர் வாசனை அடிக்கிறது என்று உறை மாட்டிவிட்டார்கள். பிறகு, மெஸ்காலை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். உறையோடு தேய்த்து உறையை முகர்ந்தேன். "என்ன தெரியுது?" என்று கேட்டார் தலைவர் லிசென்சியாதோ லாரா. அவர் சட்டம் படித்தவர், அந்தப் பட்டத்தை முன்னால் போடாமல் கூப்பிட்டால் காது கேட்காது.

"கையுறை தெரியுது, லிசென்சியாதோ."

"சக்கரத்துல இருக்கற வார்த்தையா சொல்லுங்க."

சக்கரம் என்பது சுவரில் மாட்டியிருந்த வட்டப் பலகை. மெஸ்காலுக்கு என்னென்ன சுவை இருக்கலாமோ அத்தனையும் அதில் எழுதியிருந்தது. ஈரக் களிமண் இருக்கலாம். வெந்த பூசணி இருக்கலாம். தூரத்து மழை இருக்கலாம், பக்கத்து மழை குறை. ஒரு தடவை மன்றத்தில் என் பக்கத்தில் உட்கார்கிற ஓட்டல்காரர் குடித்துப் பார்த்து 'எங்க சின்னம்மா சமையக்கட்டு' என்று சொல்லிவிட்டார். சின்னம்மா சான்று பெற்றவரில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். சக்கரத்தில் சொல்ல வார்த்தை இல்லாத சுவை எதுவானாலும் அது குறை, குறையுள்ள சரக்கில் டீசலைக் கலந்து ஓடையில் கொட்ட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. கோப்பையில் இருப்பது யார் வடித்தது என்று உறுப்பினர் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொன்னாலும் டீசல்தான்.

குடிப்பதற்கு முன் மண்ணுக்கு மூன்று சொட்டு விடுவது எங்கள் வழக்கம், போனவர்களுக்காக. கை அதுவாகச் சாயும். அங்கே தரையெல்லாம் பளிங்கு. நான் சொட்டு விடும்போதெல்லாம் கிரிசெல்தா காகிதத்தால் துடைத்துவிட்டு, 'மாதிரி இழப்பு, மாதிரி இழப்பு' என்று முணுமுணுப்பாள். வேலை செய்துகொண்டிருந்த என்னைப் பிடித்து இங்கே உட்காரவைத்தார்களே என்று எரிச்சலாக வரும். ஆனாலும் ஓசி மெஸ்கால்.

அந்த எரிச்சலோடு காலம் போயிருக்கும். ஆனால் எர்மிலோ செத்துப்போனான்.

எர்மிலோ என் பங்காளி. இரத்தத்தில் அல்ல, அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவன் நான், எங்கள் பக்கம் அது இரத்தத்தைவிடக் கெட்டி. அந்த மகளின் கல்யாணத்துக்காக அவன் நெஞ்சுக்கறி மெஸ்கால் வடித்தான். இரண்டு முறை வடித்ததைத் திரும்பப் பானையில் ஊற்றி, கொய்யா, ஆரஞ்சுத் தோல், பட்டை எல்லாம் போட்டு, வான்கோழி நெஞ்சு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு மூன்றாவது முறை வடிப்பது. நல்லது கெட்டதுக்கு மட்டும் செய்வது. கடைசி ஜாடி நிறைகிற நேரத்தில் "கோப்பையை எடு, பங்காளி, முதல்ல நான்தான்" என்றான். நான் கோப்பையோடு திரும்பியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழவில்லை. தான் வடித்ததில் ஒரு சொட்டுக்கூட அவன் நாக்கில் படவில்லை. நான் கொஞ்சம் வேகமாகத் திரும்பியிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஈமச்சடங்கு முடிவதற்குள் கழகம் வண்டியோடு வந்து ஜாடிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது, முத்திரை இல்லாத சரக்கு.

கல்லறைத் திருநாள் நெருங்கியதும் அவன் மனைவி ஒத்திலியா கழகத்துக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"ஐயா, எனக்கு விக்க வேணாம், குடிக்க வேணாம்" என்றாள் அவள். "ஒரே ஒரு போத்தல் குடுங்க. படையல்ல வைக்கணும். அவர் வர்ற மொத வருஷம். தான் செஞ்சத ருசி பாக்காமலே போயிட்டார்."

லிசென்சியாதோ லாரா எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேசினால் அவருக்குச் சொற்பொழிவு வராது.

"அம்மணி, உங்கள் துயரத்தைக் கழகம் மதிக்கிறது. ஆனால் படையல் என்பதும் ஒரு விநியோகமே. இறந்தவரும் ஒரு நுகர்வோரே. உயிரோடிருப்பவர் கெட்ட சரக்கைக் குடித்தால் வந்து புகார் கொடுப்பார். இறந்தவரால் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே அவரைக் காப்பாற்றும் பொறுப்பு எங்களுக்கு இரட்டிப்பாகிறது. கழகம் இதுவரை இறந்தவர் ஒருவருக்குக்கூடக் கேடு வரவிட்டதில்லை."

தோன் செனோபியோவின் நாற்காலி இருந்த அறையிலிருந்து இருமல் கேட்டது. "குழாய்" என்றார் லாரா.

வெளியே வந்ததும் ஒத்திலியா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க அங்கதான உக்காந்திருக்கீங்க. அவரோட சரக்கு ருசி பாக்க வர்றப்ப எப்படியாச்சும் தேத்திவிட்டுருங்க."

"நான் வாயத் தொறந்தா டீசல் ஊத்திருவாங்க, தங்கச்சி."

"அப்ப வாயத் தொறக்காம தேத்துங்க. பஞ்சர் ஒட்டறப்ப என்ன பேசிக்கிட்டா ஒட்டறீங்க?"

திருநாளுக்கு முந்தைய கடைசி அமர்வு. முதலில் எஸ்பாதின் வந்தது, வயலில் நட்டு வளர்க்கிற கற்றாழை. சுள்ளென்று இறங்கிக் கொஞ்சம் புகையும் கொஞ்சம் இனிப்புமாக நிற்கும். சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆள் மாதிரி. ஊற்றியதும் விளிம்பில் முத்து முத்தாகக் குமிழி கட்டி நின்றது, அதை வைத்துத்தான் சரக்கின் வலுவைப் பார்ப்போம். நாற்காலி இருமியது. தோன் செனோபியோவின் கோப்பையில் குமிழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிந்தன. கிரிசெல்தா குனிந்து முகர்ந்து, "மணம் இல்லை, இயற்கைக் குறைவு" என்றாள்.

அடுத்து மலை இடுக்கில் தானாக முளைக்கிற தொபலா. சின்னக் கற்றாழை, பூ வாசனை, தொண்டையில் இறங்கிய பிறகுதான் பேசவே தொடங்கும். அதன் பிறகு தெப்பெஸ்தாத்தே. பாறையில் தொங்கிக்கொண்டு வளரும், நட்டவன் ஒருவன் இருந்தால் அவன் கிழவனாகும்வரை முற்றாது. பச்சை மிளகாயை ஒடித்த மாதிரி ஒரு நெடி. இவற்றை எல்லாம் கண்ணை மூடிக் கொஞ்சம் கொஞ்சமாக, முத்தம் கொடுப்பதுபோல உதட்டில் ஒற்றிக் குடிக்க வேண்டும். பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே வெந்நீரால் வாய் கொப்பளித்துத் தொட்டியில் துப்பினோம். வேதியியல்காரர் 'தூரத்து மழை' என்றார். ஓய்வுபெற்ற கர்னல் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதென்று எல்லாவற்றுக்கும் கை தூக்கினார். நாற்காலி ஒவ்வொன்றுக்கும் இருமியது.

கடைசிக் கோப்பை வந்தபோது அறை குளிர்ந்துவிட்டது. மூச்சு புகையாகத் தெரிந்தது. உதட்டில் வைத்தேன். கொய்யா, பட்டை, அடியில் லேசாகக் கறியின் கொழுப்பு. அப்புறம் என் இடது தோளில் ஒரு கை விழுந்தது. கனமான கை, புகை வாசனை, உள்ளங்கையில் ஈரம். எர்மிலோ பேசத் தொடங்குமுன் அப்படித்தான் கை போடுவான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று பயம். அழுதேன். கழுத்தெல்லாம் நனைய அழுதேன்.

"கண்ணீர் சக்கரத்தில் இல்லை" என்றார் லாரா.

ஆனால் அவர் முகமும் சரியில்லை. கோப்பையை வைத்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார், யாரோ அறைந்ததுபோல. "அப்பா" என்று உதடு அசைந்தது. உடனே தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இந்த மாதிரியில் அன்னியர் இருக்கிறார். நிராகரிக்கிறேன்" என்றார்.

ஓட்டல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா என் தலையக் கோதிவிட்டாங்க. அத எந்த வார்த்தைல சொல்றது? சக்கரத்துல அம்மா இல்ல. குறைதான் போடணும்." வேதியியல்காரர் ஒரு பெண்ணின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுக் குறை போட்டார். ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்த ஒயின் நிபுணருக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆகவே சிறப்பானது என்றார். கர்னல் பசியோடு கை தூக்கினார். நானும் தூக்கினேன். மூன்றுக்கு மூன்று.

எல்லோரும் ஏழாவது நாற்காலியை, தோன் செனோபியோவின் நாற்காலியைப் பார்த்தார்கள்.

அது இருமவில்லை. கோப்பையின் விளிம்பில் குமிழிகள் அவியாமல் நின்றன. இவ்வளவு நேரம் எந்தக் குமிழியும் நிற்காது. கிரிசெல்தா முகர்ந்தாள். "மணம் அப்படியே இருக்கு, லிசென்சியாதோ. அவர் தொடல."

லாராவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. "தோன் செனோபியோ அருந்தியதாகக் கழகம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவர் அருந்தாததை இன்று நாம் அனைவரும் கண்ணால் கண்டோம். மதிப்புக்குரிய உறுப்பினர் இந்த மாதிரியை நிராகரித்துவிட்டார். அவருடைய ஓட்டு செல்லும்."

டீசல் டின்னை எடுத்துவர ஆள் அனுப்பினார்கள். எந்த மெஸ்காலையும் வேண்டாமென்று சொல்லாத மனுஷன் இதை ஏன் தொடவில்லை? அப்போது எர்மிலோ சொன்னது நினைவுக்கு வந்தது. முதல்ல நான்தான். வடித்தவன் வாயில் வைக்காமல் எங்கள் ஊரில் விருந்தாளி கோப்பையைத் தொடமாட்டான். தொட்டால், வடித்தவனை அவமதித்த மாதிரி ஆகிவிடும். தோன் செனோபியோ மரியாதை தெரிந்தவர். வடித்தவன் குடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். வடித்தவன் என் பின்னால் கோப்பை இல்லாமல் நிற்கிறான்.

பெயரைச் சொன்னால் டீசல். சொல்லாவிட்டாலும் டீசல்.

என் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மண்ணைத் தேடினேன், எங்கும் பளிங்கு. வாசல் பக்கம் அழகுக்காக ஒரு சிமென்ட் தொட்டியில் கற்றாழை வைத்திருந்தார்கள். அதில் மண் இருந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த மண்ணில் கோப்பையைக் கவிழ்த்தேன். "இத வடிச்சவரு யாரோ, அவருக்கு" என்றேன். மனதுக்குள் மட்டும், குடி பங்காளி, மன்னிச்சுக்க, கோப்பை வர லேட்டாயிருச்சு என்றேன்.

மண் உறிஞ்சும் சத்தம் அறைக்கே கேட்டது. தோளிலிருந்த கை ஒரு முறை அழுத்திவிட்டு எடுபட்டது. அந்த நாற்காலி இரண்டு முறை இருமி, ஒரு முறை செருமியது. குமிழிகள் எல்லாம் ஒன்றாக அவிந்தன.

கிரிசெல்தா முகர்ந்தாள். எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மணம் இல்லை. உறுப்பினர் அருந்திவிட்டார். ஓட்டு செல்லும்னு தலைவர் இப்பதான் தீர்ப்பு சொன்னார்."

டீசல் டின் வாசலிலிருந்தே திரும்பிப் போனது.

ஒத்திலியாவைக் கூட்டிக்கொண்டு மறுநாள் காலையில் போனேன். லாரா மாலையோடு காத்திருந்தார். அவளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைக் கொடுத்தார்.

"கழக வரலாற்றிலேயே இறந்த உறுப்பினரும் ஏற்றுக்கொண்ட ஒரே மெஸ்கால் இது. இத்தகைய மேன்மையான பானத்தைக் குடித்து வீணாக்க முடியாது. எனவே முழுவதையும் தர அளவுகோலாக எங்கள் பெருமை அலமாரியில் நிரந்தரமாக வைக்கிறோம்."

"ஐயா, ஒரு போத்தல்."

"அளவுகோலை யாராவது வெட்டிக் கொடுப்பார்களா, அம்மணி? சான்றிதழைத் தாராளமாகப் படையலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தடையே இல்லை."

யானை வாயில் போன கரும்பு. தெருவுக்கு வந்தபின் அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சான்றிதழை என் வண்டியில் போட்டாள். "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள வண்டி நெறய செண்டுமல்லி வேணும்."

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுப் படையல்வரை செண்டுமல்லி இதழைத் தூவி வழி போடுவோம், வருகிறவர்கள் தடம் மாறாமல் இருக்க. ஒத்திலியா எர்மிலோவின் சிலுவையடியிலிருந்து தூவிக்கொண்டே வந்தாள். தன் வீட்டுத் திருப்பம் வந்தது. நிற்கவில்லை, திரும்பவில்லை. நேராகக் கழகத்தின் வாசலுக்குப் போனாள். விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. கதவிடுக்கில் கடைசிப் பிடி இதழைத் திணித்துவிட்டு, "உள்ள வலது பக்க அலமாரிங்க. பாத்துப் போங்க" என்றாள். கணவனிடம் பேசுகிற அதே குரல்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்த் துடைப்பத்தோடு வந்தார்கள். "எங்கப்பாவோட தொபலா அங்கதான் கெடக்கு" என்றாள் ஒருத்தி. தங்கள் வாசலில் போட்டிருந்த வழியைக் கூட்டி அள்ளிக் கழகத்தை நோக்கித் திருப்பினார்கள். மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியபோது தெருவே மஞ்சளாகக் கிடந்தது. நான் எதிர்ச்சாரியில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை, ஆள் இல்லை. ஆனால் இதழ்கள் அமுங்கிக்கொண்டே போயின, கூட்டமாக நடக்கிற மாதிரி. கழகத்தின் கண்ணாடிச் சன்னல்கள் உள்ளிருந்து மூச்சுப் பட்டதுபோல வெளுத்தன. ஓட வேண்டும் என்றும் தோன்றியது, கூட உள்ளே போக வேண்டும் என்றும் தோன்றியது.

திருநாள் முடிந்து கழகம் திறந்தது. லாரா முதல் வேலையாக அலமாரியைத் திறந்தார். முத்திரைகள் அப்படியே இருந்தன. ஜாடிகள் நிறைந்திருந்தன. "பூவைத் தூவி என்ன செய்துவிட்டீர்கள்? ஒரு சொட்டுக் குறையவில்லை" என்றார் என்னிடம். வெற்றியைக் கொண்டாட எர்மிலோவின் ஜாடியையே திறந்து எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார்.

குடித்தோம். வேதியியல்காரர் சக்கரத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். களிமண் இல்லை, புகை இல்லை, மழை தூரத்திலும் இல்லை. தலையைக் கோதிவிடவும் யாரும் வரவில்லை. ஏழாவது நாற்காலி இருமவில்லை. அன்று தோன் செனோபியோ வந்திருக்கவில்லை என்று அடித்தே சொல்லலாம். கூட்டத்தோடு அவரும் கிளம்பிப் போயிருக்க வேண்டும்.

"குறைகள்?" என்று கேட்டார் லாரா.

"ஒரு குறையும் இல்லை, லிசென்சியாதோ" என்றாள் கிரிசெல்தா. "எதுவுமே இல்லை."

லாரா மெல்ல எழுந்து நின்றார். அவர் கண்களில் பக்தி தெரிந்தது. "நண்பர்களே, இத்தனை காலம் நாம் தேடியது இதுதான். புகை இல்லை, மண் இல்லை, அன்னியர் இல்லை. பூரணத் தூய்மை. இனி இந்த நாட்டில் வடிக்கப்படும் ஒவ்வொரு மெஸ்காலும் இதைப் போலவே இருக்க வேண்டும்." கர்னல் கை தூக்கினார். ஏகமனதாக நிறைவேறியது.

கையுறையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒத்திலியா என் கடையில் டயர்மீது உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் செண்டுமல்லியின் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"தொறந்தாங்களா, அண்ணே?"

"தொறந்தாங்க. நெறைஞ்சுதான் இருந்துச்சு."

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமே இல்ல, தங்கச்சி. வெறும் தண்ணி. மணம், ருசி ஒண்ணும் இல்ல."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போய்த்தான் அவள் சிரிக்கவும் செய்கிறாள் என்று கண்டுகொண்டேன்.

"கொஞ்சம்கூட வைக்கல பாருங்க" என்றாள். "முழுசாக் குடிச்சுட்டுப் போயிருக்கார்."